அப்பாவின் ஈரல்: சில நாட்குறிப்புகள்

2025 மார்ச் 4, கிளிநொச்சி

ஸ்கானில் ஈரல் கொழுப்பு என்று வந்ததிலிருந்து ஊரில் ஒரே கதை, அப்பா ஒளித்துக் குடிக்கிறாராம். அவர் ஒருநாளும் தொட்டதில்லை. சீனி வருத்தமும் வயிற்றுப் பருமனும் இருந்தால் குடிக்காதவருக்கும் கொழுப்பு படியும், போகப்போக ஈரலில் தழும்பு விழும் என்று இன்று டொக்டர் விளக்கியபோது அப்பாவின் முகம் தெளிந்தது.

"ஊசி குத்திச் சதை எடுக்கிறதோ டொக்டர்?"

"பொறுங்கோ ஐயா, முதல்ல கையில இருக்கிற ரிப்போட்டைப் பாப்பம்."

ஈரல் தழும்பை மதிப்பிடும் ஃபிப்-4 என்ற கணக்கு. ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் ஈரல் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் நொதியங்கள், பிளேட்லெட் இரத்தத்தை உறைய வைக்கும் துணுக்குகள். வயதை ஏஎஸ்டியால் பெருக்க வேண்டும். அதை, பிளேட்லெட்டையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். அப்பாவுக்கு வயது 58, ஏஎஸ்டி 52, பிளேட்லெட் 180 (ஆயிரக்கணக்கில்), ஏஎல்டி 49. விடை 2.39. 1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 2.67க்கு மேலே என்றால் சந்தேகம் பலம். அப்பா இடையில் நிற்கிறார்.

இந்த இலக்கங்கள் எல்லாம் பழைய கொப்பியிலும் இருக்கின்றன. ஒரு சதம் செலவில்லாத கணக்கை இவ்வளவு காலமும் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லையே என்று மனம் கொதிக்கிறது.

மார்ச் 19, கொழும்பு

கணக்கு இடையில் நின்றதால், இரவு ரயிலில் வந்து ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கான். மூன்று மணிநேரமாவது வெறும் வயிறு வேண்டும், சாப்பிட்டால் அளவு கூடிக் காட்டும். பாணை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டோம்.

அப்பா மல்லாந்து படுத்து வலக்கையைத் தலைக்குக் கீழே வைத்தார். விலா எலும்புகளுக்கு நடுவே ஜெல் பூசி, கருவி விரலால் சுண்டுவதுபோலத் தட்டியது. அந்த அதிர்வு ஈரலுக்குள் ஓடும் வேகத்தை அளக்கிறார்கள். ஈரல் இறுகியிருந்தால் வேகம் கூடும். பத்து அளவு எடுத்து நடு அளவைச் சொன்னார்கள்: 7.1 கிலோபாஸ்கல். 8க்குக் கீழே, முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. ஊசி தேவையில்லை. அப்பா பாணைப் பிய்த்து எனக்கும் தந்தார்.

மார்ச் 23

நிறையைக் குறைக்க வேண்டும், சீனியைக் கட்டுப்படுத்த வேண்டும், ஃபிப்-4ஐ அடுத்த வருடமும் பார்க்க வேண்டும்.

பின்னேரம் மாமா தன் ரிப்போட்டோடு வந்தார். அவருக்கு 67, கணக்கு 1.7. பயந்துவிட்டார். 65க்கு மேல் கீழ் எல்லை 2 என்று சொன்னேன், வயதே கணக்கைக் கூட்டிவிடும். அவருக்கும் சீனி இருக்கிறது, அடுத்த கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கோ என்றேன். அப்புறம் அம்மாவின் கொப்பியை எடுத்தேன், பிளேட்லெட் பார்க்கவே இல்லை. நாளைக்கு எழுதிக் கேட்க வேண்டும்.