எந்த ஊசி? பக்கவாதமும் ஸ்டெம் செல்லும்

சேலத்தில் ஒரு வீட்டில் வாதம் அடித்துப் படுத்தவர் இருந்தால், பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது "இதுக்கு ஏதோ ஊசி வந்திருக்காமே" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். சொன்னது பொய்யில்லை. ஆனால் பக்கவாதத்துக்கு ஊசி என்று ஊரில் பேசுவது இரண்டு வெவ்வேறு சமாச்சாரம். ஒன்று ரத்தக்கட்டியைக் கரைப்பது; சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டியது. இன்னொன்று ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். மாதம் கழித்தும் போடலாம் என்று சொல்லி விற்கப்படுவது. முதல் ஊசியைத் தவறவிட்ட குடும்பம்தான் பெரும்பாலும் இரண்டாவதுக்கு நகையை அடகு வைக்கிறது.

முதல் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். தூங்கி எழும்போதே வாய் கோணியிருந்தால் எழுந்த நேரம் கணக்கில் வராது. அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள் என்பதே கணக்கு. போனதும் சிடி ஸ்கேன் எடுப்பார்கள், ஏனென்றால் மூளையில் ரத்தம் கசிந்து வந்த வாதத்துக்கு இந்த மருந்தைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரையும் பார்ப்பார்கள், சர்க்கரை தாழ்ந்தாலும் சிலருக்கு ஒரு பக்கம் விழுந்துவிடும். பிரஷர் 185/110-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். கட்டியைக் கரைக்கும் மருந்து அல்டிப்ளேஸ் என்றால் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், மொத்தம் 90-ஐத் தாண்டாது. 60 கிலோ ஆளுக்கு 54 மில்லிகிராம்: 5.4 ஒரு நிமிடத்தில் நேராக ரத்தக்குழாயில், மீதி 48.6 ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக. டெனெக்டிப்ளேஸ் என்றால் ஒரே ஊசியில் முடிந்துவிடும்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இந்த நாலரை மணி இன்னும் சுருங்கிவிடுகிறது. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கோரிமேடு, அஸ்தம்பட்டி தாண்டி மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். மேலே இருக்கும்போதே "தெளியட்டும்" என்று சுக்குக் காபி ஊற்றுவதும், புறா ரத்தத்துக்கு ஆள் அனுப்புவதும் இருக்கிற நேரத்தைத் தின்னும். விழுங்க முடியாத வாயில் ஊற்றிய காபி நுரையீரலுக்குத்தான் போகும். 108-க்குச் சொல்லிவிட்டு ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வளைவுகளில் வாந்தி வந்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போகாது.

இனி இரண்டாவது ஊசி. இதில் நம் நாட்டில் அதிகம் நடப்பது சொந்த எலும்பு மஜ்ஜை. இடுப்பு எலும்பின் பின்மேட்டில் மரப்பு ஊசி போட்டு, தடித்த ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். உறையாமலிருக்க சிரிஞ்சில் ஹெப்பாரின். அதை ஃபைக்கால் என்ற கரைசலின் மேல் கலங்காமல் விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் சிவப்பணு அடியில் போகும், மேலே மஞ்சள் பிளாஸ்மா நிற்கும். நடுவில் பாலாடை மாதிரி வெளுத்த ஒரு மெல்லிய படலம். அதுதான் சரக்கு. அதை எடுத்துக் கழுவி, எண்ணி, எத்தனை செல் உயிரோடிருக்கிறது, கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுவார்கள். இந்தப் படலம் முழுக்க ஸ்டெம் செல் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பகுதி சாதாரண வெள்ளையணு. ஸ்டெம் செல்லைக் காட்டும் சிடி34 என்ற அடையாளம் உள்ள செல் நூற்றுக்கு ஒன்றிரண்டு தேறும். "இத்தனை கோடி ஸ்டெம் செல்" என்று யாராவது சொன்னால், அந்த எண் மொத்தச் செல்லா, சிடி34 மட்டுமா என்று கேளுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கையில் ரத்தக்குழாய் வழியாக ஏற்றியது எங்கே போகிறது? இதயத்தின் வலப்பக்கம், அங்கிருந்து நேரே நுரையீரல். ஆய்வகத்தில் வளர்த்த மீசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்லின் அகலம் 15 முதல் 20 மைக்ரான். நுரையீரல் நுண்குழாய் 10 மைக்ரானைக்கூட எட்டாது. பெரும்பாலானவை அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. செத்துப்போன மூளைப் பகுதியில் போய் உட்கார்ந்து புது நரம்பாக முளைப்பது துண்டுப் பிரசுரத்துப் படத்தில்தான். அந்தச் செல்கள் சுரக்கும் பொருள்கள் வீக்கத்தைத் தணிக்குமா என்பதையே ஆய்வாளர்கள் இப்போது தேடுகிறார்கள்.

தேடியதில் கிடைத்தது என்ன? டெல்லி எய்ம்ஸ் தலைமையில் 5 மையங்களில் 120 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. வாதம் வந்து சராசரியாகப் பதினெட்டு, பத்தொன்பது நாளில், சுமார் 28 கோடி மஜ்ஜைச் செல்களை ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். 180-ம் நாள் பார்தெல் மதிப்பெண் பார்த்தார்கள். இது நூற்றுக்குப் போடுகிற மார்க்: சாப்பிட 10, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற 15, நடக்க 15, படியேற 10 என்று பத்து வேலைகள். செல் ஏற்றியவர்களின் சராசரி 63.1. ஏற்றாதவர்களுக்கு 63.6. ஆபத்து இல்லை, பலனும் இல்லை. வேறொருவரின் மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்லை 120 கோடி அளவில், முதல் இரண்டு நாளுக்குள் ஏற்றிப் பார்த்த வெளிநாட்டு ஆய்வும், 206 பேரை வைத்து ஜப்பானில் நடந்த ஆய்வும் முக்கிய இலக்கை எட்டவில்லை.

பிறகு எப்படி "போட்ட பிறகு கை தூக்குறார்" என்று வீடியோ வருகிறது? அந்த 63.6 எடுத்தவர்களும் கை தூக்கியவர்கள்தான். முதல் மூன்று மாதம் மூளை தானாகவே வேகமாகத் தேறும் காலம், அதன் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். பேக்கேஜில் ஊசியோடு தினசரி பிசியோதெரபியும் சேர்ந்தே வரும். வீட்டில் பத்து நிமிடம் கூடப் பயிற்சி செய்யாதவர் அங்கே மணிக்கணக்கில் செய்கிறார். பெயர் மட்டும் ஊசிக்கு.

முதுகுத்தண்டு நீரில் போடுவதாகச் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். அதற்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். குளோபிடோக்ரெல் என்றால் 5 முதல் 7 நாள். இன்னொரு வாதம் வராமல் காப்பாற்றிக்கொண்டிருந்ததே அந்த மாத்திரைதான். வாத மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. தலைவலி, காய்ச்சல், மூளைக்காய்ச்சல் வரும் அபாயம் தனி. வாதத்துக்காக நாடு நாடாகப் போய்த் தண்டுவடத்தில் செல் போட்டுக்கொண்ட 66 வயதுக்காரருக்கு, அங்கேயே அந்நியச் செல்களால் ஆன கட்டி வளர்ந்ததை 2016-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் பதிவு செய்தது. கால் சரியாக வேண்டும் என்று போனவருக்குக் கால் இன்னும் மோசமானது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, ஸ்டெம் செல் போடுகிறவர்கள் தரும் கொட்டேஷனைப் படியுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டு நெறிகள்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர, மற்றதெல்லாம் பதிவு செய்த ஆய்வாக மட்டுமே நடக்கலாம். பக்கவாதமும் அதில் அடக்கம். ஆய்வு என்றால் மருத்துவ ஆய்வுகளுக்கான அரசுப் பதிவேட்டின் சிடிஆர்ஐ எண் இருக்கும்: ஆண்டு, மாதம், பிறகு ஆறு இலக்கம். அதை அரசின் இணையதளத்தில் போட்டால் நோயின் பெயர், நடக்கிற மருத்துவமனை, வாதம் வந்து எத்தனை நாளுக்குள் சேரலாம் என்பதெல்லாம் வரும். கொடுத்த எண்ணைத் தட்டினால் மூட்டுவலி ஆய்வு வந்தால், எழுந்து வந்துவிடுங்கள். தமிழில் ஒப்புதல் படிவம் தரவேண்டும், அதன் ஒரு நகல் உங்களுக்கு. முக்கியமாக, ஆய்வில் சேர்கிற நோயாளியிடம் அந்தச் செல்லுக்குப் பணம் வாங்கக்கூடாது. "ஆய்வுதான் சார், ஆனா பாதிப் பணம் மட்டும்" என்பது ஆய்வு அல்ல.

அந்தப் பணத்தில் கால்வாசிக்கு நல்ல பிசியோதெரபிஸ்ட் மாதக்கணக்கில் வீட்டுக்கு வருவார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இலவசமாகவும் வருகிறார்கள். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். மணிக்கட்டைப் பின்பக்கமாக 20 டிகிரியாவது மடக்க முடிகிறவருக்கு ஒரு கைமருந்து உண்டு: நல்ல கையில் தடித்த உறை மாட்டிவிட்டு, விழித்திருக்கும் நேரமெல்லாம் விழுந்த கையாலேயே வேலை வாங்குவது, இரண்டு வாரம். 2006-ல் 222 பேரிடம் சோதித்து, ஓராண்டுக்குப் பிறகும் பலன் நின்ற முறை. நடக்கும்போதும் படியேறும்போதும் உறையைக் கழற்றிவிட வேண்டும், தடுமாறினால் பிடிக்க அந்தக் கைதான் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரராக இருந்தால் ரப்பர் பந்தைக் கொடுக்காதீர்கள். பித்தளை வளையம் ஒரு கிண்ணம் நிறையக் கொட்டி, ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். முதலில் பெரிய வளையம். அது இருபது தடவை நழுவாமல் வந்த பிறகு, அடுத்த அளவு சின்னது.