பான் நகரில் 24 நகர்த்தல்கள்

பாடம் நடத்துவதற்கு ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, சதுரங்கப் பயிற்சியாளர்களாகிய நாங்கள் பெரும்பாலும் வெற்றியில் முடிந்தவற்றையே நாடுகிறோம். ஆயினும் நான் விடாமல் நடத்திவருவது டிராவில் முடிந்த ஓர் ஆட்டம்: 2008 அக்டோபர் 29 அன்று, ஜெர்மனியின் பான் நகரில், உலகப் பட்டத்துக்காக விஸ்வநாதன் ஆனந்தும் விளாதிமிர் கிராம்னிக்கும் மோதிய 11ஆம் ஆட்டம்.

மொத்தம் 12 ஆட்டங்களில் பத்து முடிந்திருக்க, ஆனந்த் 6-4 என முன்னிலையில் இருந்ததால் அவருக்கு அரைப் புள்ளியே, அதாவது ஒரு டிராவே போதும். கிராம்னிக்கோ எஞ்சிய இரண்டையும் வென்றாக வேண்டும். எனவே, பெட்ரோஃப் தற்காப்பு என்ற உறுதியான தொடக்க முறைக்குப் பெயர் பெற்ற அவர், கறுப்புக் காய்களுடன் சிசிலியன் நஜ்டார்ஃப் என்ற சிக்கல் நிறைந்த தொடக்க முறையில் இறங்கினார்.

டிரா போதும் என்ற நிலையில் அமரும் மாணவர்கள், காய்களை விரைவில் வெட்டித் தீர்க்கவே துடிப்பார்கள். பெற்றோரும் அதையே அறிவுறுத்தி அனுப்புவார்கள். ஆனந்த் அப்படி ஆடவில்லை. அந்தப் போட்டியில் அதுவரை ராணியின் சிப்பாயையே முதலில் நகர்த்திவந்தவர், அன்று ராஜாவின் சிப்பாயைத் தள்ளி, நஜ்டார்ஃபின் மிகக் கூர்மையான பாதையில் தாமே நுழைந்தார். 8ஆம் நகர்த்தலில் மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வெட்டி எதிரியின் சிப்பாய் வரிசையைக் குலைத்தார். 12இல் ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம்பெயர்த்து ராணிப் பக்கம் கோட்டை கட்டினார். 14இல் யானையை நடுப்பலகைக்கு ஏற்றிக் கறுப்பு ராணியை விரட்டினார். பிறகு 17, 18, 19 ஆகிய மூன்று நகர்த்தல்களிலும் ஒரே குதிரை இரண்டு சிப்பாய்களையும் ஒரு மந்திரியையும் வெட்டிவிட்டு வீழ்ந்தது. இடையில் அது கொடுத்த செக்கால் கறுப்பு ராஜா கோட்டை கட்டும் உரிமையை இழந்தது.

நான் வகுப்பை நிறுத்துவது 20ஆம் நகர்த்தலில். தாக்குதலைத் தொடர வேண்டும் என்றே பெரும்பாலான மாணவர்கள் சொல்வார்கள். ஆனந்தோ அமைதியாகத் தம் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்திப் பாதுகாத்தார். 22இல் ராணிகளை மாற்றிக்கொள்ள முன்வந்தபோது இரு பக்கமும் ஐந்தைந்து சிப்பாய்கள். ஆனால் கிராம்னிக் தேடிவந்த சிக்கல் பலகையில் எஞ்சியிருக்கவில்லை. ராணிகளை மாற்றுவது எந்தக் கட்டத்தில் பாதுகாப்பு, எந்தக் கட்டத்தில் வெறும் அச்சம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆட்டத்தை நான் அறியேன்.

புள்ளிப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு 24 நகர்த்தல்களில் டிரா என்பது ஓய்வெடுத்த நாளாகவே தோன்றும். அதனால்தான், முடிவை முன்கூட்டிச் சொல்லாமல் ஒவ்வொரு நகர்த்தலையும் மாணவர்களையே ஊகிக்கவைத்து, கடைசியில்தான் 6.5-4.5 என்று பலகையில் எழுதுகிறேன்.