கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே

சித்திர மாஸ்டர் காலமான செய்தி வந்த அதே வாரம், இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் பழைய மாணவர் சங்கச் செயலாளர் எழுதியிருந்தார். மாஸ்டரைப் பற்றி எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். பரிசளிப்பு விழா மேடைத்திரை, மண்டபச் சுவரோவியம், வெள்ளிக்கிழமை ஏழாம் பாடம் எல்லாவற்றையும் அவர்கள் எழுதட்டும். சூப்பர்ஹீரோ காமிக்ஸை எப்படிப் படிப்பது, அதிலிருந்து எடுத்த சினிமாவை எதைக்கொண்டு எடைபோடுவது என்று அவர் கற்றுத்தந்ததை மட்டும் நான் எழுதுகிறேன்.

மற்ற ஆசிரியர்கள் மேசைக்கு அடியிலிருந்து பறித்த புத்தகங்கள் எல்லாம் கடைசியில் மாஸ்டரின் அலுமாரிக்குத்தான் போய்ச் சேர்ந்தன. தவணை முடிவில் அவர் திருப்பித் தருவார், கூடவே ஒரு கேள்வியும் வரும்: "இந்தப் பக்கத்தில வரையாமல் விட்டது என்ன?" வரைந்ததைப் பற்றிக் கேட்டிருந்தால் யாரும் பதில் சொல்லியிருப்பார்கள்.

அவருடைய முறை பலருக்கு மறந்திருக்கலாம். முதலில் பேச்சு பலூன்களைப் படிக்காமல் விரிந்த இரண்டு பக்கங்களையும் முழுதாகப் பார்க்க வேண்டும். எத்தனை கட்டங்கள், எது பெரிது, கண் தானாக எங்கே போய் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு ஒரு வெற்றுத்தாளால் பக்கத்தை மூடி, கட்டம் கட்டமாகத் திறக்க வேண்டும். அடுத்த கட்டத்தைத் திறக்கும் முன் அதில் என்ன வரும் என்று சொல்லிவிட வேண்டும். நாம் சொன்னதற்கும் ஓவியர் வரைந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியின் வேலை. பலூன்களுக்கு முறை வருவது கடைசியில்தான்.

பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். பலூனில் தொடங்கிப் பலூனிலேயே முடித்துவிட்டு, படம் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். இப்போது கைபேசியில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி அதை இன்னும் மோசமாக்கிவிட்டது. பக்கம் என்ற முழு உருவமே அதில் மறைந்துபோகிறது. இடமிருந்து வலமாக ஓடும் காமிக்ஸில் அதிர்ச்சிப் படத்தை இடப்பக்கத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு: தாளைப் புரட்டும் வரை அது தெரியாது. மறுபதிப்பில் ஒரே ஒரு பக்கம் கூடினாலோ குறைந்தாலோ அந்தப் படம் வலப்பக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். முந்தைய பக்கத்தைப் படிக்கும்போதே அது கடைக்கண்ணில் பட்டுவிடும். கதை மாறாவிட்டாலும் அதிர்ச்சி போய்விடுகிறது.

ஸ்பைடர்மேன் பிறந்த கதையை வைத்தே இதைப் பார்க்கலாம். 1962 ஆகஸ்ட் தேதியிட்ட 'அமேசிங் ஃபேன்டஸி' 15ஆம் இதழில் கதாசிரியர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் அதை 11 பக்கங்களில் முடித்துவிட்டார்கள். அந்த 11 பக்கங்களில், ஸ்பைடர்மேனாகும் பீட்டரை வளர்த்த பென் மாமாவின் சாவு வரையப்படவேயில்லை. பீட்டர் வீட்டுக்கு வருகிறான், வாசலில் பொலிஸ் வண்டி நிற்கிறது, ஒரு பொலிஸ்காரர் செய்தியைச் சொல்கிறார். அவ்வளவுதான். சுட்ட கணம் இரண்டு கட்டங்களுக்கு நடுவே போய்விட்டது. பீட்டர் அங்கே இல்லை, ஆகவே நாமும் அங்கே இல்லை. மாமாவைச் சுட்ட அதே கள்வன் முன்பு ஓடியபோது பிடிக்காமல் விட்டவனுக்கு, மாமா செத்த இடத்தில் நிற்கும் பேறுகூடக் கிடைக்கவில்லை. பெரிய ஆற்றலோடு பெரிய பொறுப்பும் வரவேண்டும் என்ற புகழ்பெற்ற வரியை அந்தக் கதையில் எந்தப் பாத்திரமும் பேசவில்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் பெட்டிக்குள் அது இருக்கிறது.

2002இல் சாம் ரெய்மி எடுத்த படம் இரண்டையும் மாற்றியது. வரி பென் மாமாவின் வாய்க்குப் போனது. அவர் தெருவோரத்தில் பீட்டரின் கையைப் பிடித்தபடி இறந்தார். முதல் மாற்றத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். பெட்டிக்குள் பேசும் குரலுக்குத் திரையில் உடம்பு இல்லை, யாராவது ஒருவர்தான் அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது மாற்றத்தால் நட்டம்தான். பிரியாவிடை கிடைத்த பீட்டரின் துக்கமும் அது கிடைக்காத பீட்டரின் குற்றவுணர்வும் ஒன்றல்ல. அந்தக் காட்சி நன்றாக நடிக்கப்பட்டது, அழவும் வைக்கிறது. ஆனால் டிட்கோ காலியாக விட்ட இடத்தில் அது உட்கார்ந்துவிட்டது.

இதே டிட்கோவின் இன்னொரு காட்சியைத் திரை எடுத்தாண்ட விதம் எனக்கு நிறைவு தருகிறது. 1966 பெப்ரவரியின் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 33ஆம் இதழ். பாரிய இயந்திரத்துக்கு அடியில் ஸ்பைடர்மேன் நசுங்கிக் கிடக்கிறான். தண்ணீர் கசிகிறது. மே மாமியைக் காப்பாற்றும் மருந்து கைக்கெட்டாத தூரத்தில் கிடக்கிறது. அவன் மெல்ல மெல்லத் தூக்கத் தூக்கக் கட்டங்களும் பெரிதாகின்றன. முழுப் பாரமும் மேலே போகும்போது ஒரு பக்கம் முழுவதும் ஒரே படம். அதாவது, அந்தப் பாரத்தின் அளவு கட்டத்தின் அளவில்தான் இருக்கிறது. திரைக்கு அந்த வசதி இல்லை. திரையின் சட்டகம் படம் முழுக்க ஒரே அளவு. 2017இல் 'ஹோம்கமிங்' எடுத்தவர்கள் கட்டத்தைப் பெரிதாக்க முயலாமல் பையனைச் சிறிதாக்கினார்கள். இடிபாட்டின் அடியில் அவன் முதலில் யாராவது வாருங்கள் என்று குழந்தைபோலக் கத்துகிறான். பிறகு தண்ணீரில் தன் முகத்தையும் முகமூடியையும் பாதிப்பாதியாகப் பார்க்கிறான். பாதி முகம், பாதி முகமூடி என்பது டிட்கோ அடிக்கடி வரைந்த உருவம். இடத்தைக்கொண்டு செய்ததைக் குரலைக்கொண்டு செய்திருக்கிறார்கள். மாஸ்டர் கேட்டதற்கு இது சரியான விடை என்பேன்.

தவறான விடைக்கு உதாரணம் 2009இன் 'வாட்ச்மென்'. ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986–87இல் 12 இதழ்களாகத் தந்த கதை. பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற அடிப்படைச் சட்டகத்தில் அது ஓடுகிறது. படம் எடுத்தவர்களின் பக்தியைக் குறை சொல்ல மாட்டேன், எத்தனையோ கட்டங்களை அச்சு அசலாகத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் முதல் கொலையைப் பாருங்கள். புத்தகத்தில் இரண்டு துப்பறிவாளர்கள் அறையைச் சுற்றிப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க, சிவப்பு தோய்ந்த துண்டுக் கட்டங்களாக மட்டும் கொலை நடுநடுவே வருகிறது. கொன்றவன் யாரென்று தெரியாது. அடிக்கும் அடிக்கும் இடையில் நடந்ததை நாமே கூட்டிக்கொள்கிறோம். படத்தில் அது தொடக்கம் முதல் முடிவு வரை நீண்ட சண்டைக் காட்சியாகிவிட்டது. கட்டங்களை எடுத்துக்கொண்டார்கள், இடைவெளிகளை நிரப்பிவிட்டார்கள். முடிவில் இராட்சத உயிரினத்துக்குப் பதிலாக, கதையின் அதிசக்தி மனிதரான டொக்டர் மன்ஹாட்டனின் மீது பழி விழும்படி மாற்றியதைப் பற்றி ரசிகர்கள் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அந்த மாற்றம் பெரிதில்லை. கெட்டுப்போனது முதல் காட்சியிலேயே.

திரையைக் கட்டங்களாகப் பிரித்துவிட்டால் காமிக்ஸ் ஆகிவிடும் என்ற நம்பிக்கையை ஆங் லீ 2003இன் 'ஹல்க்'கில் துணிந்து சோதித்தார். அது ஏன் பலிக்கவில்லை என்பது மூடும் தாளை எடுத்தவர்களுக்கு உடனே விளங்கும். பக்கத்தில் நாலு கட்டம் இருந்தால் எதில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது நம் கையில். திரையில் நாலு துண்டும் ஒரே நேரத்தில் அசைகின்றன, ஒரே நேரத்தில் தீர்ந்தும் போகின்றன.

நிற்பதைப் பற்றிச் சொன்னதால் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி. 1973 ஜூன் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121, கதை ஜெரி கொன்வே, ஓவியம் கில் கேன். பாலத்திலிருந்து விழும் அவளைச் சிலந்திவலை காலில் பிடித்துவிடுகிறது. கழுத்தருகே ஒரு சின்ன ஒலிச்சொல் எழுதப்பட்டிருக்கிறது. விழுந்ததால் செத்தாளா, பிடித்ததால் செத்தாளா? அந்தச் சின்ன எழுத்துகளில் கண் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நேரம் பீட்டரோடு சேர்ந்து நாமும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறோம். 2014 படம் கடிகாரக் கோபுரத்துக்குள் அவள் விழுவதை வேகம் குறைத்துக் காட்டியது. வேகத்தைக் குறைத்தாலும் படம் தன் போக்கில் ஓடி முடிந்துவிடுகிறது. புத்தகத்தில் அந்தக் கட்டம் நம்மை விடாது.

இதெல்லாம் சினிமா கீழே, காமிக்ஸ் மேலே என்று சொல்வதற்காக அல்ல. மாஸ்டரும் அப்படிச் சொன்னதில்லை. சூப்பர்மேனின் சாதாரண வேடமான கிளார்க் கென்ட் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்பதைப் புத்தகம் நம்மை வெறுமனே ஒப்புக்கொள்ளச் சொன்னது. ஒரு கட்டத்தில் களஞ்சிய அறைக் கதவு, அடுத்த கட்டத்தில் பறப்பு. 1978 படத்தில் லோயிஸ் அடுத்த அறையில் இருக்கும்போது கிறிஸ்டோபர் ரீவ் கண்ணாடியைக் கழற்றி, முதுகை நிமிர்த்தி, தோளை விரித்து, குரலைத் தாழ்த்தி, நம் கண்ணெதிரே வேறு ஆளாகிறார். உடனே மனம் மாறிப் பழையபடி கூனிக்கொள்கிறார். வெட்டு இல்லை, தந்திரக் காட்சியும் இல்லை. அந்த ஒரு இடைவெளியை நிரப்பியதால் நட்டமே இல்லை, அதுவரை நம்பாததை நம்பினோம்.

உடைகளைப் பற்றிச் சுருக்கமாக. மலிவுத் தாளில் நாலு மையில் அச்சடித்த காலத்தில் நிறத்தைத் தீர்மானித்தது அச்சகம். ஹல்க் 1962இல் முதல் இதழில் சாம்பல் நிறம். அச்சில் அந்தச் சாம்பல் ஒரே மாதிரி விழாததால் இரண்டாம் இதழில் பச்சையாக்கினார்கள். திரையிலோ துணியும் கழுத்தும் பிரச்சினை. 1989இன் பேட்மேன் முகமூடியும் தோளும் ஒட்டி வார்க்கப்பட்டதால் மைக்கல் கீட்டன் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார். 2008இல்தான் முகமூடியைக் கழுத்திலிருந்து பிரித்தார்கள். அதைப் படத்துக்குள்ளேயே ஒரு உரையாடலாகவும் வைத்தார்கள்.

ஓவியரின் பெயரைப் படிக்காமல் புத்தகத்தை மூடக் கூடாது என்பதும் மாஸ்டரின் சட்டம். ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938இல் சூப்பர்மேனின் உரிமையை 130 டொலருக்குக் கொடுத்தார்கள். 1975இல்தான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டொலர் ஓய்வூதியமும் பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. பேட்மேனை 1939இல் பொப் கேனோடு சேர்ந்து உருவாக்கிய பில் ஃபிங்கர் 1974இல் இறந்தார். அவர் பெயரை முறையாகப் போட வெளியீட்டாளர் சம்மதித்தது 2015இல். படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில் இவர்களைத் தேடுவது எனக்கு இன்றும் கடமை.

மாஸ்டரிடம் கேட்க முடியாமல் போனது 2018இன் 'இன்டு த ஸ்பைடர்வேர்ஸ்' அனிமேஷன் படத்தைப் பற்றி. வினாடிக்கு 24 சட்டகம் ஓடும் திரையில், புதிதாக ஸ்பைடர்மேனாகும் பையன் மைல்ஸுக்குப் பல இடங்களில் ஒவ்வொரு நிலையையும் இரண்டு சட்டகம் நிறுத்தி, வினாடிக்கு 12 நிலை மட்டும் தந்தார்கள். காட்டுக் காட்சியில் பக்கத்திலேயே அனுபவசாலியான பீட்டர் 24 நிலைகளில் வழுக்கிக்கொண்டு போகிறான், பையன் தத்தித் தடுமாறுகிறான். அசைவு மங்கலை எடுத்துவிட்டார்கள். தூரத்துப் பொருளைத் தெளிவற்றதாக்க, பழைய அச்சில் மை விலகி விழுந்ததுபோல நிறங்களைத் தள்ளி வைத்தார்கள். கட்டத்தைக் கொண்டுவராமல் இடைவெளியைச் சட்டகங்களுக்கு நடுவே கொண்டுவந்த படம் இது. இதைப் பெரிய திரையில் பார்க்கும் வசதி, பிரிந்து வந்த நமக்கு எல்லா ஊரிலும் இருந்தது. அவர் பார்த்தாரா, பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம். நம்மில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நன்றி சொல்லவும் அறிவுரை கேட்கவும் அவர் எப்போதும் அங்கேயே இருப்பார் என்று வெளியே வந்தவர்கள் எல்லோரும் நினைத்துவிட்டோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அலுமாரியிலிருந்து திரும்பி வந்த புத்தகங்களில் மாஸ்டர் மெல்லிய பென்சிலால் இடைவெளிகளில் குறி வைத்திருப்பார். அப்படி ஒன்று யாரிடமாவது இருந்தால் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். ஒரு பக்கத்தை மட்டும் எடுக்காமல் விரித்த இரண்டு பக்கங்களையும் சேர்த்து எடுங்கள், எது இடம் எது வலம் என்பது தெரிய வேண்டும். புத்தகத்தை அழுத்தி மலர்த்தாதீர்கள், பழைய தையல் விட்டுவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழட்டும், நேராக விழுந்தால் பென்சில் கோடு மறைந்துவிடும். இதழ் எண்ணையும் ஓவியர் பெயரையும் கீழே எழுதுங்கள்.