‘முட்டு வருத்தம் இருந்ததா?’ – ஆம்

பைலட் மெடிக்கல், அதாவது விமானம் ஓட்டப் படிக்கிறவர்களுக்கான மருத்துவத் தகுதிப் பரிசோதனைப் படிவத்தில், ஆஸ்துமா (எங்கள் பேச்சில் முட்டு வருத்தம்) பற்றிய கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று அடையாளமிட வேண்டும். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையில் அந்தத் தாள் கிடந்தபோது மாமா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இல்லையெண்டு போடு பிள்ளை. ஆர் வந்து பாக்கப் போறான்?”

மாமா மட்டுமில்லை, பறக்கப் படிக்கிற பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சின்ன வயதில் மழைக்காலம் தொடங்கினாலே நெபுலைஸ் பண்ண (மெஷினில் மருந்தை ஆவியாக இழுக்க) ஓடிய ஆள் நான். அந்தக் கிளினிக் கொப்பிகள் எல்லாம் அம்மாவின் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன. பொய் எழுதி எடுத்த சேர்டிபிகேட்டோடு பறந்து, பிறகு மாட்டினால் லைசன்ஸே போகும்.

விதி பலர் நினைக்கிற அளவுக்குக் கடுமையானதும் இல்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பைத்தான் எல்லா நாடுகளும் அடிப்படையாக வைத்திருக்கின்றன. பறக்கும்போது செயலிழக்க வைக்கக்கூடிய அளவுக்கு ஆஸ்துமா இருந்தால் தகுதியில்லை என்கிறது அது. எடுக்கிற மருந்தும் பாதுகாப்பாகப் பறப்பதற்கு இடைஞ்சல் இல்லாததாக இருக்க வேண்டும். ஆக, ‘எப்போதாவது வந்ததா’ என்பதைவிட ‘இப்போது எப்படி’ என்பதுதான் முக்கியம்.

பரிசோதித்த டொக்டர் உடனே கையெழுத்து வைக்கவில்லை. நெஞ்சு வைத்திய நிபுணரின் கடிதமும் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை ரிப்போர்ட்டும் கேட்டார். சரி, நிபுணரைச் சனல் பண்ணினேன் (காசு கட்டி நேரம் எடுத்துப் பார்த்தேன்).

ஸ்பைரோமெட்ரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயை வைத்து, முழு மூச்சை இழுத்து ஒரே வீச்சில் ஊத வேண்டும். காற்று தீர்ந்த பிறகும் நிறுத்த விடமாட்டார்கள். பக்கத்தில் நின்ற மிஸ் “தவ, தவ, தவ!” (இன்னும், இன்னும்!) என்று சிங்களத்தில் கத்திக்கொண்டே இருந்தா, கண்ணில் பூச்சி பறந்தது. அப்புறம் சுவாசக் குழாயை விரிக்கிற சல்பியூட்டமோல் மருந்து தந்து, 15 நிமிடம் இருத்திவிட்டு, மறுபடி ஊதச் சொன்னா. முதல் செக்கனில் வெளியேறும் காற்றின் அளவு மருந்துக்குப் பிறகு 12 சதவீதமும் 200 மில்லிலீற்றரும் கூடினால், சுவாசக் குழாய்கள் சுருங்கி இருந்திருக்கின்றன என்று கணக்காம். எனக்கு அந்தளவு கூடவில்லை.

நீங்களும் போவதானால் பழைய கொப்பிகளை எறிந்துவிடாதீர்கள். கடைசியாக எப்போது வந்தது, என்ன மருந்து, ஆஸ்பத்திரியில் மறித்து வைத்தார்களா என்பதையெல்லாம் நிபுணர் திகதியோடு எழுதித் தந்தால் பாதி வேலை முடிந்தது. வெறுமனே ‘நலமாக உள்ளார்’ என்ற ஒற்றை வரிக் கடிதம் திரும்பித்தான் வரும்.

எனக்கு இரண்டாம் வகுப்பு மெடிக்கல் கிடைத்துவிட்டது. தனியார் பைலட் லைசன்ஸுக்கு அது போதும். வேலைக்குப் பறக்க முதலாம் வகுப்பு வேண்டும், அதற்குக் காது, கண், இதயம் எல்லாவற்றையும் இன்னும் கடுமையாகப் பார்ப்பார்கள். அதற்கு முன் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் பறப்பு மணித்தியாலங்களுக்குக் காசு சேர்க்க வேண்டும். மாமாவிடம்தான் கேட்கப் போகிறேன்.