ஆறடிப் பிளாச்சும் 22 துண்டுத் தாளும்

மூங்கில் பிளாச்சில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவது எனக்கு நெடுநாளைய பழக்கம்; ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தின் கலை விழாவுக்காக, அதுவும் மின்சாரமே இல்லாத ஊரில் கட்டிப் பார்த்தது 2018 டிசம்பரில்தான். அவ்வாண்டு நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல், தஞ்சை, நாகை மாவட்டங்களின் கடலோரத்தில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கன்னியர் நடத்தும் அந்தச் சிறிய பள்ளியில், வகுப்பறைகளின் ஓடுகள் பறந்து, நோட்டுகளும் ஓவியத் தாள்களும் ஊறிக் கூழாகியிருந்தன. ஆண்டுதோறும் நடக்கும் கலை விழாவை இம்முறை விட்டுவிடலாம் என்று பலரும் சொன்னபோதும், தலைமையாசிரியை இணங்கவில்லை. “மேடை வேண்டாம், பரிசு வேண்டாம், தம்பி. பிள்ளைகள் வரைவதை மாட்ட வேண்டும், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு ஸ்டார் வேண்டும்,” என்றார்.

முதலில் எனக்குப் பேராசை. 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில், மொராவியச் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய ஆண்கள் பள்ளியில், வடிவியல் பாடத்துக்காகச் செய்யப்பட்டதே பல முனைகள் கொண்ட அந்தப் புகழ்பெற்ற காகித நட்சத்திரம். அதைச் செய்ய 17 சதுரக் கூம்புகளும் 8 முக்கோணக் கூம்புகளும் வேண்டும். பள்ளியில் பிறந்த நட்சத்திரம் பள்ளிக்கே பொருந்தும் என்று நினைத்துப் போனேன். அதற்குத் தேவையான கெட்டி அட்டை அங்கே எவரிடமும் இல்லை என்பது போன பிறகே தெரிந்தது. ஆகவே நம் ஊரின் ஐந்து முனை நட்சத்திரத்துக்கே திரும்பினேன்.

டிசம்பர் 1, சனிக்கிழமை. விழுந்து கிடக்கும் தென்னை மட்டைகளையே சட்டமாக்கலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. ஈர மட்டையைக் கீறி, சீவிக் கட்டிவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது, அது காய்ந்து முறுக்கிக்கொண்டு, ஐந்து முனையும் ஐந்து திசைக்கு இழுத்தபடி கிடந்தது. பந்தல்காரர் ஒருவர் கொடுத்த கல்மூங்கிலைப் பிளந்து மறுபடியும் தொடங்கினோம். மட்டையை முற்றிலும் ஒதுக்கப் பிள்ளைகள் விடவில்லை என்பதால், முன்னும் பின்னுமாக வரும் இரு சட்டங்களுக்கும் இடையே நிறுத்தும் ஐந்து முட்டுக்குச்சிகளை மட்டும் காய்ந்த மட்டையில் 25 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிக்கொண்டோம். குட்டையாக இருந்ததால் அவை முறுக்கவில்லை.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஒரு முகத்துக்கு ஐந்து பிளாச்சு, ஒவ்வொன்றும் 180 செ.மீ. இவற்றைக் கண்ணளவில் கட்டினால் ஒரு கரம் நீளும், மற்றொன்று குறுகும். பிளாச்சின் இரு நுனிகளிலிருந்தும் 69 செ.மீ. தள்ளி ஒவ்வொரு கோடு போட்டுக்கொண்டு, குறுக்கே வரும் பிளாச்சு அந்தக் கோட்டில்தான் வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நடு ஐங்கோணத்தின் பக்கம் தானாகவே 42 செ.மீ. ஆகிவிடும். முனைகளைச் சைக்கிள் டியூப் கீற்றால் இறுக்கிக் கட்டினோம். சணல் தளர்வது போல அது தளராது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி 69, 42, 69 என்று சுவரில் சாக்பீஸால் எழுதி, கூட்டிப் பார்த்து, 180 வந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கைப்பேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை மறைத்துக்கொண்டேன்.

இரு முகங்களுக்கும் பக்கவாட்டுக்கும் சேர்த்து மொத்தம் 22 துண்டுத் தாள் தேவைப்பட்டது. பிள்ளைகள் வரைந்த படங்களைத் தனியே மாட்டுவதற்குப் பதிலாக, அந்தத் தாள்களிலேயே வரையச் செய்தோம். காற்றாடித் தாள் நீர்வண்ணம் பட்டால் கிழியும்; மெழுகு வண்ணக்குச்சியோ தாளில் படிந்து, பின்னால் விளக்கு வைத்தால் நிறம் ஒளிரும். நிவாரணப் பொருள்களோடு வந்த வண்ணப் பெட்டிகளில் முதலில் தீர்ந்தது பச்சை. விழுந்த மரத்தை ஒருவரும் வரையவில்லை; நின்ற மரங்களையே வரைந்தார்கள். ஒரு பையன் தன் முக்கோணம் முழுக்கத் தென்னைகளை நெருக்கி நிறுத்திவிட்டு, “இன்னும் எட்டு மரம் இருக்கு சார், இடம் பத்தல,” என்றான். பக்கவாட்டுத் தாள் ஒன்றையும் அவனுக்கே கொடுத்தோம்.

15ஆம் தேதி நடந்தது முழுக்க என் தவறு. ஆடுமாடும் பூச்சியும் அண்டாமலிருக்க மைதாப் பசையில் சேர்க்கும் மயில்துத்தத்தைக் கலக்க மறந்துவிட்டு, ஒட்டிய நட்சத்திரத்தை இரவு திண்ணையிலேயே சாய்த்து வைத்தேன். மார்கழி பிறக்கும் நேரத்துப் பனியில் தாள் தொய்ந்து, விளிம்பு பிரிந்தது; பசையின் மணத்துக்கு வந்த இரண்டு ஆடுகள் விடிவதற்குள் இரண்டு கரங்களைத் தின்றுவிட்டன. காற்றாடித் தாளும் அத்துடன் தீர்ந்துபோனது. நனையாமல் தப்பிய கோடு போட்ட நோட்டுத் தாள்களை ஒட்டி, அந்த இரு கரங்களையும் மூடினோம். தொய்ந்த மற்றத் தாள்களின் மீது நீரை லேசாகத் தெளித்து நிழலில் உலர விட்டபோது, அவை பறைத்தோல் போல விறைத்துக்கொண்டன.

22ஆம் தேதி மாலை, தண்ணீர்த் தொட்டிக்காக வந்த ஜெனரேட்டரில் மின்னேற்றிய அவசர விளக்கை உள்ளே கட்டி, ஓடில்லாத கூரையின் உத்தரத்தில் ஏற்றினோம். தெருவெங்கும் இருட்டு என்பதால் அது வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. நோட்டுத் தாள் கரங்கள் மற்றவற்றைவிட மங்கல்தான். ஆனால் விளக்கொளியில் அவற்றின் நீலக் கோடுகள் ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தன. பெற்றோர் கீழே நின்று எது தம் வீட்டுத் தோப்பு என்று தேடினார்கள். ஜனவரி 6இல் வந்த மூன்று அரசர் பெருவிழா வரையில் அது இறங்கவில்லை.

அடுத்த ஆண்டு டிசம்பரில் தலைமையாசிரியை சிஸ்டர் தொலைபேசியில் அழைத்தபோது, எந்தச் சனிக்கிழமை வரட்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்டது வேறு: “தம்பி, அந்தக் காற்றாடித் தாள் எந்தக் கடையில் வாங்கினீர்கள்? சட்டம் கட்டிவிட்டார்கள்.”