பெயர்ப் பொருத்தம்

சென்னை மண்ணடியில் வெளிநாட்டுப் பணம் பட்டுவாடா செய்கிற கவுன்ட்டர் ஒன்றில் 2006 முதல் உட்கார்ந்திருக்கிறேன். தம்மாம், ஷார்ஜா, தோஹா, கோலாலம்பூர் என்று எங்கிருந்து அனுப்பினாலும் காசு எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு நம்பராக வந்து விழும். வாங்க வருகிறவர் நம்பரைச் சொல்லி அடையாள அட்டையைக் காட்டினால், 50,000 ரூபாய் வரை கையில் எண்ணிக் கொடுப்போம். அதற்கு மேல் என்றால் காசோலை அல்லது வங்கிக் கணக்கு. வருகிறவர்கள் பெரும்பாலும் பாய் வீட்டுக்காரர்கள். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கமிருந்து வந்து அங்கப்ப நாயக்கன் தெரு, மூர் தெரு சந்துகளில் குடியேறிய குடும்பங்கள். நான் ராயபுரத்துக்காரன், கிறிஸ்தவன்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. அனுப்பியவர், வாங்குபவர் இருவர் பெயரையும் ஐ.நா. பாதுகாப்பு அவையின் பயங்கரவாதிகள் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். 1999இல் 1267ஆம் தீர்மானத்தின்படி தாலிபானுக்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. பிறகு அல்-காய்தா, ஐஎஸ் என்று நீண்டுகொண்டே போனது. இங்கே 2008இல் பயங்கரவாதத்துக்கு எதிரான உபா (UAPA) சட்டத்தில் 51ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பட்டியலில் உள்ளவர் பணம் வந்தால் அரசு முடக்கிவிடலாம்.

ஒப்பிடுவது மென்பொருள். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதலாம் என்பதால், எழுத்து கொஞ்சம் முன்பின் இருந்தாலும் அது விடாது. நம் பக்கத்து முஸ்லிம்களுக்கோ குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அதற்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த ஓரெழுத்து விரிந்து அப்பா பெயர் முழுசாக வந்து நிற்கும். முகமது, இப்ராஹிம், அப்துல் காதர், அப்துல் ரஹ்மான். இதே பெயர்கள்தான் வீட்டுக்கு வீடு மாறி மாறி வரும். அதனால் திரையில் அடிக்கடி மஞ்சள் கட்டம் எழும். எங்கோ மலைப்பகுதியில் ஒளிந்திருக்கும் ஒருவன் பெயரும் தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் ஒருவர் பெயரும் பொருந்திப்போயிருக்கும். பிறந்த தேதி, அப்பா பெயர், ஊர் எல்லாம் கேட்டு மேலே அனுப்பினால் அரை நாளிலோ இரண்டு நாளிலோ விடுவிப்பார்கள். இத்தனை வருடத்தில் என் கவுன்ட்டரில் ஒருமுறைகூட அது நிஜமான ஆளாக இருந்ததில்லை. அதற்காகப் பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். குண்டு வைக்கிறவனுக்கும் காசு தேவை, அந்தக் காசு ஏதோ ஒரு வழியாகத்தான் வந்தாக வேண்டும். பார்க்கத்தான் வேண்டும்.

என் மனதில் உறுத்திக்கொண்டிருப்பது வேறு. 2019 ஏப்ரல் 22, திங்கட்கிழமை.

முந்தின நாள் ஈஸ்டர். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது டிவியில் இலங்கைக் குண்டுவெடிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. கொச்சிக்கடை அந்தோணியார் கோயில், நீர்கொழும்பு செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், அப்புறம் பெரிய ஹோட்டல்கள். இறந்தவர்கள் 250 பேருக்கும் மேல். அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் அரண்மனைக்காரன் தெரு அந்தோணியாரிடம் போகிறவர். கொச்சிக்கடை கோயிலின் கூரை பெயர்ந்து கிடந்ததைப் பார்த்து, தன் கோயிலே இடிந்ததுபோல அழுதார். நான் ஒன்றும் பேசவில்லை. கோபம் மட்டும் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை ஒரு பையன் வந்தான். இருபது வயதிருக்கும், தாடி இப்போதுதான் முளைக்க ஆரம்பித்திருந்தது. அப்பா சவூதியிலிருந்து செமஸ்டர் கட்டணம் அனுப்பியிருந்தார். பெயரைப் போட்டேன். மஞ்சள் கட்டம் வரவில்லை. அப்படியென்றால் எண்ணிக் கொடுத்துவிட வேண்டியதுதான். நான் கொடுக்கவில்லை. “அப்பா பாஸ்போர்ட் காப்பி இருக்கா? என்ன வேலை பாக்குறாரு? காசு எதுக்கு?” என்று ஆரம்பித்தேன்.

அவன் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையிலிருந்து பட்டன் வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தான். முதலில் அவன் ஆதார், அடுத்து அப்பாவின் பாஸ்போர்ட் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், அதற்கடுத்து விசா, இகாமா என்கிற சவூதி குடியிருப்பு அட்டை, லேமினேட் செய்த குடும்ப அட்டை, கல்லூரியில் கொடுத்த கட்டணச் சீட்டு. நான் கேட்கப்போகிற வரிசையிலேயே அடுக்கி வைத்திருந்தான். குடும்ப அட்டையின் ஓரம் வெளுத்துப் பிரிந்திருந்தது, அத்தனை தடவை உருவியிருக்கிறான். இருபது வயதுப் பையன் ஒருவன் தான் யார் என்பதைக் கேட்கும் முன்பே நிரூபிக்கத் தயாராக வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சந்தேகத்துக்குரியது என்று நானே குறித்து மேலே அனுப்பிவிட்டு, “ரெண்டு நாள் கழிச்சு வாப்பா” என்றேன். “சரிங்க சார்” என்று எல்லாவற்றையும் அதே வரிசையில் திரும்ப அடுக்கிக்கொண்டு போனான்.

அன்று மதியம் எங்கள் வாடிக்கையாளரான பெரியவர் ஒருவர் வந்தார். கீழக்கரைக்காரர், கொழும்பில் சம்பந்தி வீடு. வழக்கமாக என் பேப்பரை வாங்கிப் படித்துவிட்டுப் போவார். அன்றைக்குப் பேப்பரைத் தொடவில்லை. “அம்மா எப்படி இருக்காங்க தம்பி?” என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

குண்டு வைத்தவர்களின் தலைவன் சஹ்ரான், கிழக்கிலங்கைக் காத்தான்குடிக்காரன், தமிழில் பிரசங்கம் செய்கிறவன் என்பது ஓரிரு நாளில் தெரிந்துவிட்டது. அப்போது பெரியவர் சொன்னதை மறக்க முடியவில்லை. “மொத மொத அவன் யார் மேல பாஞ்சான் தெரியுமா? தர்காவுக்குப் போற எங்க ஆளுங்க மேல.” நிஜம்தான். 2017இல் காத்தான்குடியில் சூஃபி வழியினரோடு மோதிவிட்டுத்தான் சஹ்ரான் தலைமறைவானான். அவனைப் பற்றி அந்த ஊர் முஸ்லிம்களே முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். பெரியவர் வருடாவருடம் நாகூருக்கும் ஏர்வாடிக்கும் போகிறவர். “அவன் கணக்குல நானும் காஃபிர்தான் தம்பி. ஒரு உசுர அநியாயமா எடுத்தா மொத்த மனுச குலத்தையே கொன்ன மாதிரின்னு குர்ஆன்லயே இருக்கு. ஆனா அவனும் குர்ஆனத்தான கையில வச்சுக்கிட்டுப் பேசுறான். ‘அவன் எங்க ஆளு இல்ல’ன்னு சொல்லிட்டு நாங்க படுத்துத் தூங்க முடியாது.” அந்த வாரம் இலங்கையின் மார்க்க அறிஞர்கள் அமைப்பான உலமா சபை, குண்டுதாரிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது. 2008 மும்பைத் தாக்குதலின்போதும் அப்படித்தான், செத்துப்போன தாக்குதல்காரர்கள் ஒன்பது பேருக்கு அங்குள்ள முஸ்லிம்கள் கபர்ஸ்தானில் இடம் தர மறுத்தார்கள். ஜனாஸாவை, அதாவது இறுதித் தொழுகையையும் அடக்கத்தையும், மறுப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

எங்கள் கவுன்ட்டருக்குக் கோவை கோட்டைமேட்டுக்காரர் ஒருவரும் வருவார். 1997 நவம்பரில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார், அதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுகள், 58 பேர் பலி. பழிக்குப் பழி என்று குண்டு வைத்தவர்கள் எந்த ஜனங்கள் பெயரைச் சொல்லி வைத்தார்களோ, அந்த ஜனங்களின் கடையும் வேலையும் வாடகை வீடும்தான் அதற்குப் பிறகு பல வருடம் அடி வாங்கின. “குண்டு வச்சவன் ஜெயிலுக்குப் போயிட்டான், செக்போஸ்ட் எங்க தெருவுல நின்னுச்சு” என்பார் அவர். கேட்டுக்கொண்டு தலையை ஆட்டியிருக்கிறேன். அந்தத் திங்கட்கிழமை நானும் ஒரு செக்போஸ்ட் போட்டேன் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. சட்டமும் மென்பொருளும் அந்தப் பையனை விட்டுவிட்டன. நிறுத்தியது நான்.

இரண்டு நாள் கழித்துப் பணம் விடுவிக்கப்பட்டது. கட்டணம் கட்டக் கடைசித் தேதி தாண்டி, அவன் அபராதத்தோடு கட்டியிருக்கிறான். அவன் அதைச் சொல்லவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும்.

மே 7ஆம் தேதி நோன்பு தொடங்கியது. அடுத்த வாரம் இலங்கையில் மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகளை எரித்தார்கள். பெரியவர் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடமும் மாலையில் எனக்குத் தூக்கு நிறையக் கஞ்சி வந்தது, அதிலொன்றும் குறைவில்லை.

நோன்பு முடிவதற்குள் பையன் மறுபடி வந்தான். பெருநாளுக்குத் துணி எடுக்க அப்பா அனுப்பிய காசு. அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். “அன்னைக்கு உன்ன நிறுத்தியிருக்கக் கூடாதுப்பா, தப்பு என்னோடது” என்று மெதுவாகச் சொன்னேன். அவன் சரியாகக் காதில் வாங்கினானா தெரியவில்லை. “பரவால்ல சார்” என்றபடி பிளாஸ்டிக் கவரின் பட்டனைத் திறந்தான். “ஆதார் மட்டும் போதும்ப்பா” என்றேன். ஆதாரைக் கொடுத்தான். மற்றக் காகிதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, எனக்குத் தெரிகிற மாதிரி திருப்பிக் கவுன்ட்டர் மேல் அடுக்கினான்.