ஒட்டகச்சிவிங்கிகளைக் கடந்து மேரு மலைக்கு

தான்சானியாவின் அருஷா தேசியப் பூங்கா சுமார் 550 சதுர கிலோமீட்டர்தான். 14,000-ஐத் தாண்டும் செரெங்கெட்டிக்கு முன்னால் இது ஒரு மூலை. சிங்கமும் கிடையாது. ஆனால் இங்கே ஜீப்பை விட்டு இறங்கிக் காட்டு விலங்குகளுக்கு நடுவே நடக்கலாம். அதே பாதை அப்படியே நாட்டின் இரண்டாவது உயரமான மலையான மேருவின் உச்சிக்குப் போகிறது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

மலையேற்றம் தொடங்குவது மொமெல்லா வாசலில். கட்டணம் எல்லாம் கார்டில்தான், பணத்தாளை வாங்குவதில்லை. கூட வந்த நண்பரின் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆன் செய்யப்படாமல் இருந்ததால் வாசலிலேயே கொஞ்ச நேரம் போயிற்று. இந்திய வங்கி கார்டு வைத்திருப்பவர்கள் இதை ஊரிலேயே, ஆப்பில் பார்த்துவிடுவது நல்லது. அப்புறம் சுமைகளை எடை போட்டு, பதிவேட்டில் எழுதி, ரேஞ்சர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் துப்பாக்கியோடு வருவார். அவர் இல்லாமல் யாரையும் மேலே விடுவதில்லை. அன்று கிளம்பும் குழுக்களைச் சேர்த்து ஒரே ரேஞ்சருடன் அனுப்புகிறார்கள். அதனால் முன்பின் தெரியாதவர்களின் வேகத்துக்கும் நாம் ஒத்துப்போக வேண்டும்.

துப்பாக்கி எதற்கு என்று முதல் அரை மணி நேரத்திலேயே புரிந்துவிட்டது. புல்வெளியில் காட்டெருமைக் கூட்டம். ரேஞ்சர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். ஒரு கிழட்டு ஆண் எருமை மூக்கை மேலே தூக்கி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் முதுகில் உண்ணி கொத்தும் பறவைகள் தங்கள் வேலையைப் பார்த்தன. அது தலையைத் திருப்பும்வரை யாரும் அசையவில்லை. ஒட்டகச்சிவிங்கிகளோ நம்மைச் சட்டை செய்வதே இல்லை. வேல மரத்து முள்ளுக்கு நடுவே நாக்கை நுழைத்து இலையை மட்டும் உருவுவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தோம். ஜீப்பில் இருந்திருந்தால் அந்த நாக்கின் கருநீல நிறம் கண்ணில் பட்டிருக்காது.

மேலே போகப் போகக் காடு அடர்கிறது. மரக்கிளைகளில் பாசி தாடி போலத் தொங்குகிறது. கருப்பு வெள்ளை கொலோபஸ் குரங்குகள் தாவும்போது அந்த நீண்ட வெள்ளை வால்தான் முதலில் தெரியும். முதல் இரவு மிரியாகம்பா குடிலில், 2,514 மீட்டரில். அடுத்தது சேடில் குடில், 3,570 மீட்டர். அடுக்குக் கட்டில், சூடான சூப், வெளியே நடுக்கும் குளிர். சேடிலில் மாலை நேரம் மிச்சமிருந்தால் பக்கத்திலுள்ள சின்ன மேருவுக்கு ஏறி இறங்கிவிடுங்கள். உயரத்துக்கு உடம்பு பழக அது உதவும். வழிகாட்டி ஓயாமல் சொன்னது "போலே போலே". மெதுவாகப் போ என்று அர்த்தம்.

உச்சிக்குக் கிளம்புவது நள்ளிரவு தாண்டி. ரைனோ பாயிண்டுக்குப் பிறகு எரிமலை வாயின் விளிம்பிலேயே பாதை. காலுக்குக் கீழே சாம்பல் மணல், ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும். சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் போக வேண்டும். ஒரு பக்கம் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தலைவிளக்கு வெளிச்சத்தில் தெரியாமல் இருந்ததே புண்ணியம். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மலையின் கிழக்குப் பக்கம் அப்படியே சரிந்து விழுந்ததால் உண்டான பள்ளம் அது. மேரு கடைசியாகக் குமுறியது 1910-இல். 4,560 மீட்டருக்கு மேல் நின்று பார்த்தால் கிழக்கே கிளிமஞ்சாரோவுக்குப் பின்னாலிருந்து சூரியன் வருகிறது, கீழே பள்ளத்துக்குள் எரிமலைச் சாம்பல் குவிந்த கூம்பு. கிளிமஞ்சாரோவைப் பார்க்க அதன் மேல் ஏறுவதைவிட மேருவில் ஏறுவதே மேல் என்பேன்.

இறங்குவதுதான் கொடுமை. உச்சி தொட்ட அதே நாளில் மிரியாகம்பாவரை இறங்க வேண்டும், முழங்கால் கெஞ்சிவிடும். மூன்று நாளில் முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் முகவர்களும் உண்டு. காசு மிச்சம்தான், ஆனால் நான்கு நாள் எடுத்துக்கொள்வதே சரி. முடிந்தால் மறுநாள் மொமெல்லா ஏரிகளையும் பாருங்கள். உவர் நீர், பாசியின் தயவில் ஏரிக்கு ஏரி வேறு நிறம், ஓரத்தில் பூநாரைகள். சுமைதூக்கிகளுக்கும் வழிகாட்டிக்கும் அன்பளிப்பு கொடுக்கக் கையில் ரொக்கம் வேண்டும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பினால், விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல் தனிமைப்படுத்தும் இடத்துக்குப் போக வேண்டி வரலாம். பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள், பெட்டியில் வேண்டாம்.